நோட்டர் டேம் தந்த பயிற்சியாளர் நூட் ராக்னி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் பல்கலைக்கழகங்களில் தேர்த் திருவிழாவைப் போலக் கூட்டம் திரளும். மாணவர்கள் ஆடும் கால்பந்தைக் காணவே அத்தனை கூட்டமும் வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் அமரலாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் பெற்று ஆடும் தொழில்முறை அணிகளின் ஆட்டம் நடைபெறும். சனிக்கிழமை ஆடும் மாணவர்களில் சிலரே பிற்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் ஆகின்றனர்.

கல்வி தரும் பல்கலைக்கழகத்திற்கும் காசு தரும் விளையாட்டுக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு எப்படி வந்தது? அந்த உறவு நல்லதா, கெட்டதா? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்தால் போதும். அவர் பெயர் நூட் ராக்னி. கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவராகவும் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் விளங்கியவர் அவர்.

இவ்விளையாட்டைப் பற்றி ஒரு சொல்

தோழியரே, அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து ஆட்டத்தினின்று பெரிதும் வேறுபட்டது. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரணியின் எல்லைக்கு ஓட வேண்டும். எதிரணியினர் ஓடுபவரைப் பிடித்துக் கீழே தள்ளுவர். அணிக்கு 11 பேர்.

1869ஆம் ஆண்டு ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர்கள் ஆடியதே கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டமாகக் கருதப்படுகிறது. தொடக்கக் காலத்தில் இது மிக முரட்டு ஆட்டமாக இருந்தது. 1905ஆம் ஆண்டில் மட்டும் 18 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே பல்கலைக்கழகத்தாரை அழைத்துப் பேச நேர்ந்தது. அதன்பின் 1906இல் விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற புதிய விதியும் அப்போதுதான் வந்தது. அந்த விதியே பின்னாளில் ராக்னிக்குப் புகழ் தேடித் தந்தது.

பிறப்பும் இளமையும்

நூட் ராக்னி 1888ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் நார்வே நாட்டில் வாஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லார்ஸ் குதிரை வண்டிகள் செய்யும் தொழிலாளர். 1893இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியை முன்னிட்டு அவர் அமெரிக்கா சென்றார். பின்னர் தாயும் பிள்ளைகளும் கப்பலேறி அங்கு வந்து சேர்ந்தனர். அப்போது ராக்னிக்கு வயது ஐந்து. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத அச்சிறுவன் சிகாகோ தெருக்களில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடியே அந்த மொழியைப் பழகிக்கொண்டான்.

பள்ளியை விட்டதும் அவர் சிகாகோ தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எப்படியும் கல்லூரியில் படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. சில ஆண்டுகள் உழைத்துச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். சிறு துளி பெருவெள்ளம் அன்றோ! 1910இல், தம் 22ஆம் வயதில், இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரை அடுத்துள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உடன் படித்தவர்கள் பலர் அவரைவிட வயதில் இளையவர்கள்.

நோட்டர் டேம் என்பது பிரெஞ்சு மொழியில் நம் அன்னை மரியாளைக் குறிக்கும் பெயர். திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த அருட்தந்தை எட்வர்ட் சோரின் 1842இல் காட்டுக்கு நடுவே நிறுவிய கல்விக்கூடம் அது. அங்கே சேர்ந்த ராக்னியோ லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். செலவு குறைவு என்பதாலும் நண்பர்கள் அழைத்ததாலும் அங்கு வந்தவர். வேதியியல் ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்யும் வேலை பார்த்துத் தம் படிப்புச் செலவை ஈடு செய்தார்.

வெஸ்ட் பாயிண்ட் வெற்றி

ராக்னி உருவில் சிறியவர். ஆயினும் விடாமுயற்சியால் பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்தார். அவருடைய அறைத்தோழர் கஸ் டோரைஸ். 1913ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் இருவரும் ஒகையோ மாநிலத்தின் சீடர் பாயிண்ட் என்னும் ஏரிக்கரை உல்லாச விடுதியில் வேலைக்குச் சென்றனர். ஓய்வு நேரத்தில் மணற்பரப்பில் டோரைஸ் பந்தை எறிய, ராக்னி ஓடிக்கொண்டே பிடிக்கப் பழகினார். முன்னோக்கி எறிதலுக்கு விதி அனுமதித்து ஏழு ஆண்டுகள் ஆகியும் பெரிய அணிகள் அதை அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை.

1913 நவம்பர் 1ஆம் நாள் புகழ்பெற்ற வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணியை நோட்டர் டேம் அணி எதிர்கொண்டது. ராக்னிதான் அவ்வாண்டின் அணித்தலைவர். பெயர் தெரியாத ஒரு சிறு கத்தோலிக்கக் கல்லூரி எளிதில் தோற்கும் என்றே எல்லாரும் எண்ணினர். டோரைஸ் 17 முறை பந்தை எறிந்தார். 14 முறை அது நண்பர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நோட்டர் டேம் 35-13 என்ற கணக்கில் வென்றது. மறுநாள் செய்தித்தாள்கள் வழியாக அப்பல்கலைக்கழகத்தின் பெயர் நாடெங்கும் பரவியது.

ஆய்வுக்கூடமா, ஆடுகளமா?

1914இல் ராக்னி சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பானி ஸ்கைல்ஸ் என்ற மங்கையை மணந்தார். அவர்களுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தனர். பல்கலைக்கழகம் அவருக்கு வேதியியல் துறையில் உதவியாளர் வேலை கொடுத்தது. ஜெஸ்ஸி ஹார்ப்பர் என்ற பயிற்சியாளருக்குத் துணையாகக் கால்பந்து அணியையும் பார்த்துக்கொள்ளச் சொன்னது.

வேதியியல் துறையில் அவருக்கு வாய்த்த ஆசான் அருட்தந்தை ஜூலியஸ் நியூலண்ட். பெல்ஜியத்தில் பிறந்த இக்குருவானவர் அசிட்டிலீன் வாயுவைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். அந்த ஆய்வின் அடிப்படையில்தான் டூபாண்ட் நிறுவனத்தார் 1931இல் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரை வெளியிட்டனர். இத்தகைய அறிஞரோடு இருந்த ராக்னி, நினைத்திருந்தால் சிறந்த விஞ்ஞானியாகியிருக்கலாம். ஆனால் 1918இல் ஹார்ப்பர் விலகியபோது தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. சில ஆண்டுகள் வகுப்பறையையும் களத்தையும் சேர்த்தே நடத்தினார். முடிவில் களமே வென்றது.

அவர் பயிற்சி தந்த முறையிலும் ஆசிரியரின் ஒழுங்கு இருந்தது. பந்து கைக்கு வருமுன் ஆட்டக்காரர்கள் ஒருமுகமாக இடம் மாறும் உத்தியை நடனம் போலப் பழக்கினார். எதிரணி களைப்படையட்டும் என்று முதலில் இரண்டாம் நிலை ஆட்டக்காரர்களை இறக்கி, பிறகு சிறந்தவர்களை இறக்குவார். உடல் வலிமையைவிட வேகமும் அறிவுமே பெரியவை என்பது அவர் கொள்கை.

பொய்ப் பெயரில் ஆடிய ஞாயிறுகள்

தொழில்முறை ஆட்டம் அந்நாளில் மதிப்பற்றதாக இருந்தது. ஒகையோ, இல்லினாய் மாநிலங்களின் ஆலைத் தொழில் ஊர்கள் ஒன்றோடொன்று பந்தயம் கட்டி ஆடின. கல்லூரி ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து அழைத்து, பொய்ப் பெயரில் ஆட வைப்பது வழக்கம். துணைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் ராக்னியும் மாசிலன் நகர அணிக்காகக் கூலி பெற்று ஆடியவர்தாம். 1915இல் அவ்வணி கேண்டன் நகர அணியை எதிர்த்தது. எதிர்ப்பக்கம் நின்றவர் ஒலிம்பிக் வீரர் ஜிம் தோர்ப்.

1920இல் கேண்டன் நகரில் கூடிய சில அணிகள் ஒரு சங்கம் அமைத்தன. அதுவே இன்றைய தேசியக் கால்பந்துச் சங்கம். அதற்கு ஓராண்டு முன்னரே ராக்னியிடம் 1918இல் ஆடிய கர்லி லாம்போ என்ற இளைஞர், நோயினால் படிப்பை நிறுத்தி ஊர் திரும்பி, ஓர் இறைச்சி நிறுவனத்தின் பண உதவியோடு கிரீன் பே பேக்கர்ஸ் அணியைத் தொடங்கியிருந்தார்.

விரைவிலேயே அந்தத் தொடர்பு தொல்லை தந்தது. 1921 நவம்பரில் இல்லினாய் மாநிலத்தின் இரு சிற்றூர்கள் மோதியபோது ஓர் ஊருக்கு நோட்டர் டேம் மாணவர்களும், மற்றோர் ஊருக்கு இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்களும் மறைவாக ஆடினர். செய்தி வெளியானதும் இரு பல்கலைக்கழகங்களிலும் பலர் ஆடும் உரிமையை இழந்தனர். அதே பருவத்தில் கிரீன் பே அணியும் நோட்டர் டேம் மாணவர்களைப் பொய்ப் பெயரில் ஆடவைத்தது. அதற்காக 1922 ஜனவரியில் அந்த அணி சங்கத்திலிருந்து விலக்கப்பட்டது. சில மாதங்களில் லாம்போ மீண்டும் அனுமதி பெற்றார்.

1925 நவம்பரில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பெரும் வீரர் ரெட் கிரேஞ்ச், கல்லூரிக்காகத் தம் கடைசி ஆட்டத்தை ஆடிய ஐந்தாம் நாளே சிகாகோ பேர்ஸ் என்னும் தொழில்முறை அணிக்காகக் களமிறங்கினார். பட்டம் பெறுமுன் படிப்பை உதறியதைக் கல்லூரியினர் பலர் கண்டித்தனர். ஆகவே 1926இல் சங்கம் ஒரு விதி செய்தது. உடன் படிப்போர் பட்டம் பெறும் காலம் வரும்வரை எந்த மாணவரையும் தொழில்முறை அணியில் சேர்த்துக்கொள்ளலாகாது என்பதே அவ்விதி. அது மாணவரின் படிப்பைக் காத்தது. அதே வேளையில் பல்கலைக்கழகங்கள் தொழில்முறை அணிகளுக்குச் செலவில்லாத நாற்றங்கால் ஆயின என்றும் சொல்லலாம். 1936 முதல் அணிகள் முறை வைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின.

ஜார்ஜ் கிப்

ராக்னியின் மாணவர்களுள் திறமை மிக்கவர் ஜார்ஜ் கிப். ஓடவும் எறியவும் உதைக்கவும் வல்லவர். ஆனால் வகுப்புக்கு வரமாட்டார். சூதாட்டத்தில் நாட்டம் மிகுதி. 1920இல் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. ஊராரின் வேண்டுகோளால் மீண்டும் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு இறுதியில் தொண்டை நோயும் நிமோனியாவும் அவரைத் தாக்கின. பென்சிலின் இல்லாத காலம் அது. டிசம்பர் 14ஆம் நாள் 25ஆம் வயதில் அவர் இறந்தார். மரணப் படுக்கையில் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார் என்பர். அவர் பட்டம் எதுவும் பெறவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1928இல், வெஸ்ட் பாயிண்ட் அணியோடு ஆடியபோது இடைவேளையில் ராக்னி தம் மாணவர்களிடம் கிப்பின் இறுதி ஆசையை எடுத்துச் சொன்னார். அணி தளரும் ஒரு நாளில் தமக்காக வெல்லும்படி கேட்டுக்கொண்டாராம் கிப். மாணவர்கள் கண்ணீரோடு களமிறங்கி 12-6 என்று வென்றனர். கிப் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு. 1940இல் வெளிவந்த திரைப்படத்தில் கிப்பாக நடித்தவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ரானல்ட் ரீகன். கிப்பின் பெயர் அழியாமல் நின்றுவிட்டது. எனினும் ஓர் எண்ணம் நெஞ்சை உறுத்துகிறது. அத்தனை ஆயிரம் பேர் அவர் ஆட்டத்தைக் கண்டு கைதட்டினர். அவர் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர் எத்தனை பேர்?

விசுவாசமும் வெற்றியும்

1920களில் கத்தோலிக்கர், யூதர், கறுப்பின மக்கள் ஆகியோர்மீது வெறுப்பை வளர்த்த கூ கிளக்ஸ் கிளான் என்னும் இயக்கம் இந்தியானா மாநிலத்தில் வலுப்பெற்றிருந்தது. 1924 மே மாதம் சவுத் பெண்ட் நகரில் அவர்களுக்கும் நோட்டர் டேம் மாணவர்களுக்கும் மோதலே நிகழ்ந்தது. அப்பகுதியின் பெரிய பல்கலைக்கழகங்களின் குழுவும் நோட்டர் டேமைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே ராக்னியின் அணி இரயிலேறி நாடு முழுவதும் சென்று ஆடியது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த அயர்லாந்து, போலந்து, இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கக் குடியேறிகள் அந்த அணியைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகக் கொண்டாடினர்.

1924ஆம் ஆண்டு அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஸ்டுல்ட்ரெஹர், க்ரவுலி, மில்லர், லேடன் என்னும் நால்வரை ஒரு செய்தியாளர் திருவெளிப்பாட்டு நூலின் நான்கு குதிரை வீரர்களுக்கு ஒப்பிட்டு எழுதினார். 1925ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தை அவர்கள் 27-10 என்று வென்றனர்.

வெளியூர்ப் பயணங்களில் மாணவர்கள் விடியற்காலையிலேயே எழுந்து திருப்பலிக்குச் சென்று நற்கருணை வாங்குவதை ராக்னி கண்டார். தூக்கத்தையும் விட்டுவிட்டுச் செல்லும் அவர்களின் பக்தி அவர் உள்ளத்தைத் தொட்டது. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் முன்னரே கத்தோலிக்கர். 1925 நவம்பர் 20ஆம் நாள் பல்கலைக்கழக வளாகத்தில் மரக்கட்டைகளால் அமைந்த சிற்றாலயத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். தம் சிறு மகன் முதல் நற்கருணை வாங்கிய அன்றே தாமும் முதல் முறையாக நற்கருணை வாங்கினார். மாணவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர் இந்த ஒன்றை மாணவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார்.

குருக்களும் பணமும்

வெற்றி பெருகப் பெருகப் பணமும் பெருகியது. ஆட்ட வருவாய் மாணவர் விடுதிகளும் உணவுக்கூடமும் எழ உதவியது. ஆயினும் தங்கள் பல்கலைக்கழகம் கால்பந்துப் பள்ளி என்று பெயர் வாங்கிவிடுமோ என்று குருக்கள் அஞ்சினர். பெரிய விளையாட்டரங்கம் வேண்டும் என்றார் ராக்னி. படிப்புக்கான கட்டடங்களை முதலில் கட்ட விரும்பினர் அவர்கள். கோபத்தில் பலமுறை விலகப் போவதாகச் சொன்ன ராக்னி, 1925 இறுதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தமே செய்துவிட்டார். பின்னர் மனம் மாறித் தங்கிவிட்டார். அரங்கம் 1930இல் திறக்கப்பட்டது. 1929இல் கார்னகி அறக்கட்டளை, பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களைப் பணத்தாலும் சலுகையாலும் இழுப்பதைக் கண்டித்து நீண்ட அறிக்கை வெளியிட்டது. குருக்களின் அச்சம் வீண் அச்சம் அன்று என்பதை அது காட்டியது.

அவ்வாண்டு கால் இரத்தக்குழாய் நோயால் துன்புற்ற ராக்னி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பயிற்சி தந்தார். 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளும் அவர் அணி தோல்வியே காணவில்லை. மொத்தம் 13 ஆண்டுகளில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை.

ஏழைகளுக்காக ஓர் ஆட்டம்

1930இல் பொருளாதார வீழ்ச்சியால் நியூயார்க் நகரில் வேலையற்றோர் தெருவில் நின்றனர். அவர்களுக்கு நிதி திரட்ட, நோட்டர் டேமின் பழைய மாணவர் அணியும் நியூயார்க் ஜயன்ட்ஸ் என்னும் தொழில்முறை அணியும் மோத ஏற்பாடாயிற்று. டிசம்பர் 14ஆம் நாள், கிப் இறந்து சரியாகப் பத்து ஆண்டுகள் ஆன அன்று, ஆட்டம் நடந்தது. நான்கு குதிரை வீரர்களும் வந்தனர். ஆனால் தொழில்முறை அணி 22-0 என்று வென்றது. கல்லூரி ஆட்டமே உயர்ந்தது என்று நம்பியிருந்த பலர் அன்று தொழில்முறை ஆட்டத்தை மதிக்கத் தொடங்கினர். ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஏழைகளுக்குக் கிடைத்தது. ராக்னி பயிற்சியாளராக நின்ற கடைசி ஆட்டம் அதுவே. தோல்வியில் முடிந்தாலும் பசித்தவர்களுக்கு உணவாகிய அந்த ஆட்டம் அவருடைய வெற்றிகள் பலவற்றினும் மேலானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறைவு

1931 மார்ச் 31ஆம் நாள், புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை, நோட்டர் டேமைப் பற்றிய திரைப்பட வேலைக்காக ராக்னி கலிபோர்னியா நோக்கி விமானத்தில் சென்றார். கான்சஸ் மாநிலத்தில் பசார் என்னும் சிற்றூருக்கு அருகே விமானத்தின் மர இறக்கை ஒடிந்தது. விமானத்தில் இருந்த எண்மரும் மாண்டனர். ராக்னிக்கு வயது 43. ஈரத்தால் மரத்தின் பசை வலுவிழந்ததே காரணம் எனக் கருதப்பட்டது. அந்த விபத்துக்குப் பின் விமானச் சோதனைகள் கடுமையாயின. உலோக விமானங்கள் விரைந்து வந்தன.

குடியரசுத் தலைவர் ஹூவர் இரங்கல் தெரிவித்தார். உயிர்ப்புத் திருவிழாவுக்கு முந்திய பெரிய சனிக்கிழமையன்று பல்கலைக்கழகத்தின் திருஇருதய ஆலயத்தில் அடக்கச் சடங்கு நடந்தது. பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை சார்லஸ் ஓடானல் மறையுரை ஆற்றினார். அவர் வளர்த்த ஆட்டக்காரர்களே உடலைச் சுமந்தனர்.

அவர் விட்டுச் சென்றவை

லேடன் 1941 முதல் 1946 வரை தேசியக் கால்பந்துச் சங்கத்தின் ஆணையராக இருந்தார். மில்லர் வழக்கறிஞராக உயர்ந்தார். க்ரவுலி, இயேசு சபையாரின் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளரானார். அவரிடம் பயின்ற வின்ஸ் லம்பார்டிதான் 1959இல் கிரீன் பே அணியின் பொறுப்பேற்று அதைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றவர். ராக்னியின் மாணவர் தொடங்கிய அணியை ராக்னியின் மாணவருடைய மாணவர் உயர்த்தினார்!

அன்று பொய்ப் பெயரில் மறைவாக வாங்கிய காசு இன்று வெளிப்படையாக வருகிறது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்திற்குத் தந்து பணம் பெறலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். அவர்களது உழைப்பால் கோடி கோடியாக வருவாய் வரும்போது அவர்களுக்கும் பங்கு தருவது நியாயமே. ஆயினும் கல்லூரியில் ஆடுவோரில் தொழில்முறை அணிக்குச் செல்வோர் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் துணை நிற்பது அவர்கள் பெற்ற கல்விதான்.

நூட் ராக்னி குற்றமே இல்லாதவர் அல்லர். கிப்பின் போக்கை அவர் இன்னும் கண்டித்திருக்கலாம். எனினும் ஆய்வுக்கூடத்தைத் துடைத்துப் படித்துத் தாமே பட்டம் பெற்ற பிறகுதான் அவர் பிறருக்குப் பயிற்சியாளர் ஆனார். அவருடைய மிகச் சிறந்த மாணவர்கள் களத்தை விட்டு வந்த பின்னும் பயனுள்ளவர்களாக வாழ்ந்தனர். கல்விக்கூடம் விளையாட்டை வளர்க்கட்டும். விளையாட்டு கல்விக்கூடத்தை விழுங்காதிருக்கட்டும். கைதட்டல் ஒரு மாலைப் பொழுதோடு ஓய்ந்துவிடும். அதற்குப் பின்னும் நாம் வாழ வேண்டிய நாள்கள் பல உண்டு என்பதை, பரிசு வாங்கும் மாணவியும் அவளுக்காகக் கைதட்டும் நாமும் மறவாதிருப்போமாக.